கோட்டையில் உள்ள அந்தச் சிறிய அறையில்தான் கண்டியின் கடைசி மன்னன் அடைக்கப்பட்டிருந்தானா?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருப்பது இதுதான். பத்தாம் தரத்தில் படிக்கும் மகன், அந்நிய ஆட்சிக்கு எதிரான போராட்டத்தோடு தொடர்புள்ள ஓர் இடத்தை நேரில் பார்த்து வரலாற்றுப் பாடத்துக்கு ஒப்படை எழுத வேண்டும். இந்தத் தவணைக்குள் கண்டிவரை போய்வர வசதியில்லை. கொழும்புக் கோட்டையில், செலிங்கோ ஹவுஸ் வளவுக்குள், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறை வைக்கப்பட்ட அறை இருக்கிறதென்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கத் தகுந்த இடமா என்பது அவருடைய கேள்வி. கேள்வியின் கடைசி வரியில் இன்னொன்றையும் தயக்கத்தோடு சேர்த்திருக்கிறார்: தன்னுடைய பிரதானிகளாலேயே கைவிடப்பட்டுப் பிடிபட்ட ஒரு மன்னனின் கதையை எதிர்ப்பின் கதையென்று எழுதினால் ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா? உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுவதால், இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் கொழும்பில் தமிழ்மொழி மூலம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். மாணவரைக் கோட்டைப் பகுதிக்கும் நூதனசாலைக்கும் பல ஆண்டுகள் அழைத்துச் சென்றிருக்கிறேன். சுவடிகளையும் கையெழுத்து ஆவணங்களையும் தோண்டி ஆராய்ந்தவன் அல்லன். அச்சில் வெளிவந்த மூலநூல்களைப் படித்தவன் மட்டுமே. அந்த எல்லைக்குள் நின்று சுருக்கமாகச் சொன்னால், அப்படியோர் அறை அங்கே இருக்கிறது என்பது உண்மை. மன்னன் கோட்டைக்குள் கைதியாக ஏறத்தாழப் பத்தரை மாதம் இருந்தான் என்பதும் உண்மை. ஆனால் அந்த அறைக்குள் இருந்தான் என்பது ஐயத்துக்குரியது, என் கணிப்பில் பெரும்பாலும் தவறானது. அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐயத்தோடு போய்ப் பார்க்கும் பிள்ளை, நம்பிக்கொண்டு பார்க்கும் பிள்ளையைவிட நல்ல ஒப்படை எழுதும்.

முதலில் உறுதியானவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1815 ஜனவரி 10ஆம் திகதி ஆளுநர் ரொபர்ட் பிறவுன்றிக் கண்டி இராச்சியத்தின்மீது போர்ப் பிரகடனம் செய்தார். பெப்ரவரி 14 அளவில் ஆங்கிலேயப் படை கண்டி நகருக்குள் புகுந்தபோது அரண்மனை வெறுமையாக இருந்தது. மன்னன் தும்பறைப் பக்கமாக மெதமகாநுவரவுக்குப் பின்வாங்கியிருந்தான். பெப்ரவரி 18ஆம் திகதி அங்கே ஒரு வீட்டில் ஒளிந்திருந்தபோது அவனைச் சுற்றிவளைத்துப் பிடித்தவர்கள் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அல்லர். அதற்கு முந்திய ஆண்டே ஆங்கிலேயர் பக்கம் போய்விட்ட எகலப்பொல அதிகாரின் (அதிகார் என்பது மன்னனின் முதன்மை அமைச்சர் பதவி) ஆட்கள். அவர்கள் மன்னனைக் கட்டினார்கள், அரசியரின் நகைகளைப் பறித்தார்கள். செய்தி கேட்டு வந்த ஜோன் டொயிலி, சிங்களம் நன்கு கற்றவர், ஆங்கிலேயரின் ஒற்றர் வலையமைப்பை நடத்தியவர், கைதிகளைப் பொறுப்பேற்றுப் பல்லக்குகளில் ஏற்றி அனுப்பினார். மார்ச் 2ஆம் திகதி கண்டி மகுல் மடுவவில், அதாவது அரசவை மண்டபத்தில், பிரதானிகளின் முன்னிலையில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டபோது மன்னன் அங்கே இல்லை. காவலோடு கொழும்பை நோக்கிக் கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்தான். மார்ச் 6ஆம் திகதி கொழும்பை வந்தடைந்தான். 1816 ஜனவரி 24ஆம் திகதி குடும்பத்தாரோடு கோர்ன்வாலிஸ் என்ற கப்பலில் ஏற்றப்பட்டு மதராசுக்கும், அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் அனுப்பப்பட்டான். 1832 ஜனவரி 30ஆம் திகதி வேலூரிலேயே இறந்தான். இத்திகதிகளில் ஓரிரு நாள் முன்பின்னாகச் சில நூல்கள் எழுதினாலும் வரிசையில் கருத்து வேறுபாடு இல்லை.

இனி, கொழும்பில் அவன் எங்கே, எப்படி வைக்கப்பட்டான் என்பது. அக்காலத்தில் இலங்கையில் இராணுவ மருத்துவராகக் கடமையாற்றிய ஹென்றி மார்ஷல் பின்னாளில், 1846இல், வெளியிட்ட நூலில் மன்னனுக்கென ஆயத்தம் செய்யப்பட்டது கோட்டைக்குள் விசாலமானதும் நன்கு அலங்கரிக்கப்பட்டதுமான ஒரு வீடு என்று எழுதுகிறார். அதைக் கண்ட மன்னன், இனி நான் அரசனாக இருக்க இடமில்லை என்றான பின்பு இந்த உபசாரத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும் என்ற கருத்தில் பேசியதாகவும் அவர் குறிக்கிறார். மேஜர் ஹூக் என்ற அதிகாரியோடு மன்னன் நடத்திய ஓர் உரையாடலும் அதே நூலில் வருகிறது. ஆங்கிலேய ஆளுநருக்குக் கண்டி அரசருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு, கோபத்தில் எதையும் செய்துவிடாதபடி தடுக்க ஆலோசகர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அதனால்தான் உங்களிடத்தில் மரண தண்டனை குறைவு, எங்களுக்கோ கோபம் தணிவதற்குள் குற்றவாளி இறந்துபோய்விடுகிறான் என்றானாம். இந்தப் பேச்சு எந்த மொழியில் நடந்தது, யார் மொழிபெயர்த்தார், எவ்வளவு மெருகேற்றப்பட்டது என்பதையெல்லாம் யோசித்துத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் சிறைக்கொட்டடியின் கம்பிகளுக்குப் பின்னால் நின்று பேசுகிறவனின் பேச்சாக இது எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் அமர்ந்து, எதிரில் இருப்பவனை எடைபோட்டுப் பேசுகிறவனின் பேச்சு இது.

இப்போது அந்த அறைக்கு வருவோம். ஜனாதிபதி மாவத்தை என்று இன்று நாம் அழைக்கும் பழைய குயின் வீதியில், உயர்ந்த அலுவலகக் கட்டடத்தின் காலடியில், வாகனங்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டி அது நிற்கிறது. தடித்த சுவர், வளைந்த கூரை, ஒரு கதவு, சின்னஞ் சிறிய சாளரங்கள், அவ்வளவுதான். உள்ளே நாலைந்து பேர் நின்றாலே மூச்சு முட்டும். மன்னனோடு வந்தவர்களோ அரசியர் நால்வர், உறவினர், பணியாளர் எனப் பலர். இத்தனை பேரோடு வந்த ஒருவனை, அதுவும் சகல மரியாதைகளோடும் நடத்துகிறோம் என்று உலகுக்குக் காட்ட விரும்பிய ஓர் அரசாங்கம், பத்தரை மாதம் இதற்குள் அடைத்து வைத்தது என்பது அக்காலக் குறிப்புகளோடும் பொருந்தவில்லை, சாதாரண புத்திக்கும் பொருந்தவில்லை. கட்டட அமைப்பைப் பார்த்தால் படைவீடுகளின் வாயிலில் காவலாளிகள் தங்குவதற்கென்று கட்டப்படும் காவலறையைப் போலவே இருக்கிறது. மன்னன் இருந்த வீட்டைக் காத்த சிப்பாய்களில் சிலர் இதில் மாறிமாறித் தங்கியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு; அது ஊகம், ஆனால் கெட்ட ஊகம் அல்ல. அங்கே வைக்கப்பட்டிருக்கும் அறிவிப்பு மன்னன் சிறையிருந்த இடமென்று சொல்கிறது என்பதற்காக அதை ஆவணமென்று கொள்ளக்கூடாது என்பதை மகனுக்குச் சொல்லிவைப்பது நல்லது. அறிவிப்புப் பலகைகள் நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் பின்னால் எழுதப்படுபவை. அவை எழுதப்பட்ட காலத்தின் நம்பிக்கையைச் சொல்பவை.

அறையை நம்புவதால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். கெடுவது ஒன்று உண்டு, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். இருண்ட சிறு அறையில் மன்னனை அடைத்து வதைத்தார்கள் என்று படிக்கும் பிள்ளை, அந்நிய ஆட்சி என்றால் கம்பியும் பூட்டும் என்று மட்டும் புரிந்துகொள்ளும். 1815இல் நடந்ததோ அதைவிட நுட்பமானது. மன்னனைக் கட்டியதும் அரசியரை அவமதித்ததும் உள்ளூர் ஆட்கள். பல்லக்கும் வீடும் மரியாதையும் கொடுத்தது ஆங்கிலேயர். பெரிய சண்டை எதுவும் இல்லாமல், கொடுங்கோலனிடமிருந்து மக்களை மீட்க வந்தோம் என்ற அறிவிப்போடு, ஒரு நாட்டையே கைப்பற்றிய முறை இது. ஒப்பந்தத்தைப் பாருங்கள். முதலில் மன்னனின் கொடுமைகளைச் சொல்கிறது. அடுத்து அவன் அரச பதவியை இழந்தான் என்றும், அவனுடைய வம்சத்துக்கு இனி ஒருபோதும் அரியணையில் உரிமை இல்லை என்றும் சொல்கிறது. அவனுடைய ஆண் உறவினர் அனைவரும், உறவினர் என்று சொல்லிக்கொள்பவர்களும்கூட, அரசாங்கத்தின் எதிரிகள் என்றும், கண்டிப் பிரதேசங்களுக்குள் கால் வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றும் மூன்றாவது பிரிவு விதிக்கிறது. நான்காவது பிரிவில் ஆட்சி பிரித்தானிய முடிக்குப் போகிறது. ஐந்தாவது பிரிவு பௌத்த சமயத்தைக் காப்பதாக வாக்களிக்கிறது. கைதியாக வந்தவனுக்கு நல்ல வீடும் நல்ல சாப்பாடும் கொடுப்பது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதிலிருந்து அவன் போகக்கூடிய ஒரே வழி கடல்வழி என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது.

மூன்றாவது பிரிவைத் தமிழ்ப் பிள்ளைகள் கவனித்துப் படிக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்தவன். மதுரை நாயக்கர் உறவுவழியில் 1739 முதல் கண்டியை ஆண்ட நால்வரில் கடைசியானவன். கண்டி மக்கள் அவ்வழியினரை மூன்று தலைமுறைக்கு மேலாக அரசராக ஏற்றிருந்தார்கள். பௌத்த மறுமலர்ச்சியோடு பிணைந்து பேசப்படும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனும் அந்த வழியினன்தான். மன்னன் வேற்றாள், ஆகவே நீங்கள் அவனுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்ற வாதத்துக்குப் பிரதானிகளிடம் வேர் இருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றிச் சட்டவாசகமாக்கியது ஆங்கிலேயர். பிற்காலத்தில் இந்த நாட்டில் யார் உள்ளூரார், யார் வெளியார் என்று எழுந்த எல்லாச் சண்டைகளையும் இதில் கொண்டுபோய்க் கட்டுவது மிகை. ஆனாலும் கண்டியில் குடியேற்ற ஆட்சியின் முதல் ஆவணத்திலேயே அந்தப் பிரிப்பு எழுத்தில் இருக்கிறது.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒப்படையில் மன்னனை மாசற்ற வீரனாக எழுதினால், பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்த எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் கோடு போடுவார். எகலப்பொல ஓடிப்போனதற்குப் பழியாக அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் 1814இல் கண்டியில் கொல்வித்தது நடந்த ஒன்று. கொழும்பிலிருந்து வியாபாரத்துக்குப் போன பத்து வணிகர்களை ஒற்றர் என்று சந்தேகித்து அங்கங்களை வெட்டுவித்ததும் நடந்த ஒன்று. எழுவர் இறந்துபோக, எஞ்சிய மூவர் அறுந்த அவயவங்கள் கழுத்தில் தொங்கக் கொழும்புக்குத் திரும்பி வந்ததாக ஆங்கிலேயப் பதிவுகள் சொல்கின்றன. அதைத்தான் போருக்குக் காரணமாகப் பிறவுன்றிக் காட்டினார். இவற்றின் விவரங்களில் மிகைப்படுத்தல் எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. ஏனென்றால் எழுதி வைத்தவர்கள் வென்றவர்கள், கொடுங்கோலன் ஒருவன் அவர்களுக்குத் தேவைப்பட்டான். நிகழ்ச்சிகளையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டொயிலியின் ஒற்றர்கள் வணிகர், பிக்குகள், யாத்திரிகர் என்று பல வேடங்களில் கண்டிக்குள் உலாவினார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் மன்னனின் சந்தேகத்துக்கு அடிப்படை இருந்தது என்பது விளங்கும். அந்தப் பத்துப் பேரும் ஒற்றர்கள் என்பது அதனால் நிறுவப்பட்டுவிடாது.

அப்படியானால் எதிர்ப்பு எங்கே? 1815ஐ மட்டும் பார்த்தால் தெரியாது. பன்னிரண்டு ஆண்டு முன்னால் போக வேண்டும். 1803இல் ஆங்கிலேயர் கண்டிக்குள் படையோடு புகுந்து, முத்துசாமி என்ற அரச குடும்பத்தவரை அரியணையில் ஏற்றிவிட்டுக் காவற்படையொன்றை விட்டு வந்தார்கள். நோயாலும் முற்றுகையாலும் நலிந்த அப்படை ஜூன் 24ஆம் திகதி சரணடைந்து நகரைவிட்டு வெளியேறியபோது, பெருகியோடிய மகாவலியைக் கடக்க முடியாமல் வட்டாப்புலுவவில் சிக்கிப் பெரும்பாலும் அழிக்கப்பட்டது. அதன் தலைவன் மேஜர் டேவி கடைசிவரை கண்டியில் கைதியாகவே இருந்து இறந்தான். அந்த ஆண்டு செப்டெம்பரில் மன்னன் தானே படை நடத்திக்கொண்டு களனி ஆற்றங்கரையோடு ஹங்வெல்ல வரைக்கும் இறங்கி வந்தான். அங்கிருந்த சிறு கோட்டையைக் கைப்பற்ற முடியாமல் பின்வாங்க நேர்ந்தது. கோபத்தில் தன் படைத்தலைவர்களைத் தண்டித்தான் என்பதும் பதிவாகியிருக்கிறது. மேஜர் ஹூக்கிடம் அவன் சொன்னதை இதோடு வைத்துப் படிக்கலாம். கொழும்பைப் பிடிக்க வந்து வாசற்படியில் தோற்றுத் திரும்பியவன், பின்னர் அதே கொழும்புக்குள் கைதியாக வந்தான் என்பதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு.

ஆகவே கண்டி தூரம் என்று சொல்லும் அந்தத் தாய்க்கு என் முதல் யோசனை ஹங்வெல்ல. அவிசாவளைக்குப் போகும் வழியில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். பேருந்திலேயே போய் வரலாம். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் வைத்திருந்த கோட்டையின் இடத்தில் இன்று ஓய்வு விடுதி இருக்கிறது. பெரிதாகக் கட்டடம் எதுவும் எஞ்சவில்லை; ஆனால் ஆற்றைப் பார்த்து நின்றால், ஒரு படை ஏன் இந்த வழியாக வந்தது, ஏன் இந்த வளைவில் ஒரு கோட்டை தேவைப்பட்டது என்பது பத்தாம் தரப் பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும். மண்ணின் அமைப்பு பொய் சொல்வதில்லை. கோட்டை அறையைவிட இந்த இடத்தின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எதிர்ப்பின் அடுத்த பகுதி மன்னன் கப்பலேறிய பிறகு நடந்தது. 1817இல் ஊவா வெல்லசவில் எழுந்த கிளர்ச்சியின் மையத்தில், தன்னை நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒருவன் இருந்தான். உண்மையில் அவன் வில்பாவ என்ற ஊரைச் சேர்ந்த முன்னாள் துறவி. ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு யாரை எதிரியென்று விலக்கியதோ, அந்தக் குடும்பத்தின் பெயரைப் பொய்யாகச் சொல்லியாவது மக்களைத் திரட்ட முடிந்தது என்றால், கைவிடப்பட்ட மன்னனின் வம்சத்துக்கு மலைநாட்டில் இரண்டே ஆண்டுகளில் திரும்பவும் மதிப்பு வந்துவிட்டது என்றுதானே பொருள்? அவனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை, அதாவது மாகாணத் தலைவர், கையிலிருந்த அரசாங்க ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சியில் சேர்ந்தார். 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனவர், மேலே நான் குறிப்பிட்ட அதே மருத்துவர் மார்ஷல்தான். அது சுதந்திரத்துக்குப் பின் திரும்பி வந்து கண்டியில் நினைவுச்சின்னத்தோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. எகலப்பொலவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன்: அரியணை தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவரை 1818இல் ஆங்கிலேயரே சந்தேகத்தின்பேரில் பிடித்துக் கொழும்பில் காவலில் வைத்து, 1825இல் மொரீசியசுக்கு நாடுகடத்தினார்கள். அவரும் கடல்கடந்த மண்ணிலேயே இறந்தார். கொழும்பில் காவலில் இருந்தவர்களின் கதையை எழுதுவதானால் பிடிபட்டவனையும் பிடித்துக் கொடுத்தவனையும் அடுத்தடுத்து வைத்தே எழுதலாம். மாணவர்கள் எப்போதும் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆகவே ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா என்ற கேள்விக்கு என் பதில்: தனியொரு மன்னனின் வீரக் கதையாக எழுதினால் ஐயம், 1803, 1815, 1818 மூன்றையும் ஒரே நூலில் கோத்து, கொழும்பை ஓர் ஓரத்தில் வைத்து எழுதினால் தாராளமாக ஏற்றுக்கொள்வார்.

அதற்கு இன்னொரு இடம் கட்டாயம் பார்க்க வேண்டும். கறுவாத்தோட்டத்தில் இருக்கும் தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. கண்டி அரசரின் அரியணையும் முடியும் அங்கே இருக்கின்றன. கோட்டையின் அறையில் ஐயத்துக்கு எவ்வளவு இடமுண்டோ, இங்கே அவ்வளவு குறைவு. 1693இல் ஒல்லாந்த ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அந்த அரியணை. மரத்தின்மேல் மெல்லிய பொற்றகடு போர்த்தி, கற்கள் பதித்திருக்கிறார்கள். கைப்பிடிகளாக அமர்ந்திருக்கும் சிங்கங்களின் கண்கள் செவ்வந்திக்கற்கள். முதுகுச் சாய்வின் உச்சியில் சூரியன். பிள்ளையைச் சற்றுக் குனிந்து சிங்கத்தின் முகத்துக்கு நேராக நின்று பார்க்கச் சொல்லுங்கள். வேலைப்பாட்டில் ஐரோப்பியக் கையும் உள்ளூர்க் குறியீடுகளும் கலந்து கிடப்பது அப்போதுதான் தெரியும். கரையோரத்தைத் தம் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர் மலைநாட்டு அரசனுக்கு அரியணை செய்து கொடுக்க வேண்டியிருந்தது என்பதே, அந்நாளில் கண்டியின் நிலையைச் சொல்லிவிடுகிறது. 1815இல் கொள்ளைப் பொருளாக இங்கிலாந்துக்குப் போன அது வின்ட்சர் கோட்டையில் இருந்து, 1934இல் குளொஸ்டர் கோமகன் வந்தபோது திருப்பித் தரப்பட்டது. அரசனின் சிங்கக்கொடியும் அதே 1815இல்தான் கடல் கடந்தது. இன்று நம் தேசியக் கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கம் அந்தக் கொடிவழி வந்ததுதான். நாயக்கர்வழி வந்த ஒரு மன்னனின் கடைசிக் கொடியிலிருந்து அது வந்தது என்பதை வகுப்பில் சொன்னால் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். வரட்டும்.

இனிப் போகும் முறை. கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நடப்பதற்கு வசதி, ஆனால் அறை தனியார் அலுவலக வளவுக்குள் இருப்பதால் வாயிலில் நிற்கும் காவலரிடம் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை நாளில் கேட்பது எளிது. பிள்ளை பாடசாலைச் சீருடையில் இருந்தாலோ ஆசிரியரின் கடிதம் ஒன்று கையில் இருந்தாலோ பேச்சு சீக்கிரம் முடியும். அந்த வீதியில் மத்திய வங்கியும் ஜனாதிபதி மாளிகையும் இருக்கின்றன. 1996 ஜனவரி 31ஆம் திகதிக் குண்டுவெடிப்பில் செலிங்கோ ஹவுசும் பெருஞ் சேதமடைந்தது என்பதை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகையால் புகைப்படம் எடுக்கு முன் கேட்டுக்கொள்வது மரியாதை மட்டுமல்ல, தேவையும்கூட. அங்கிருந்து சில நிமிட நடையில் பழைய ஒல்லாந்த வைத்தியசாலை. கடைகளும் உணவகங்களும் நிறைந்துவிட்டாலும் அதன் தடித்த சுவர்களும் தாழ்ந்த கூரையும் 1815இல் மன்னன் வந்தபோது நின்றவை. மணிக்கூட்டுக் கோபுரம் அப்போது இல்லை, அது 1857 அளவில் வந்தது. கோட்டை மதில்கள் அப்போது நின்றன. 1869 முதல் இடிக்கப்பட்டன. இன்று நிற்பதில் எது அன்று இருந்தது, இன்று இல்லாதது எது அன்று நின்றது என்று இரண்டு பத்தியாக ஒரு தாளில் பிள்ளையே எழுதிக்கொண்டு நடந்தால், பாதி ஒப்படை வீதியிலேயே முடிந்துவிடும்.

நூதனசாலையை இதே நாளில் சேர்க்க வேண்டாம். களைத்துப்போன பிள்ளைக்கு அரியணை வெறும் நாற்காலி. பொது விடுமுறை நாட்களில் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அரியணையைப் பார்த்த பிறகு கோட்டைக்குப் போவதா, போய்விட்டு வந்து பார்ப்பதா என்று கேட்டால், அரியணையை முதலில் காட்டுவதையே நான் விரும்புவேன். இழந்தது என்னவென்று தெரிந்தவனுக்குத்தான் காவலறை பேசும். அறையின் படத்தை ஒப்படையில் ஒட்டும்போது, மன்னன் அடைக்கப்பட்ட அறை என்று எழுதாமல், மன்னன் அடைக்கப்பட்டதாக மரபாகச் சொல்லப்படும் அறை, அக்காலக் குறிப்புகள் கோட்டைக்குள் ஒரு விசாலமான வீட்டையே சொல்கின்றன என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கே நான் புள்ளி கொடுப்பேன்.

கொழும்பிலிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது போவதுண்டானால், பரிசோதனைக்கும் முடிவுக்கும் இடையில் கிடைக்கும் ஒரு மாலையில் பாலாற்றங்கரையிலுள்ள முத்துமண்டபத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 1990இல் எழுப்பியது, மன்னனின் சமாதி அங்கே இருக்கிறது. அவன் குடும்பத்தோடு வாழ்ந்த கண்டி மகால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிறது. அவன் அங்கே கொண்டுவரப்படுவதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1806 ஜூலை 10ஆம் திகதி, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அதே கோட்டையில்தான். இரண்டு இடங்களின் படமும் கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்தால் ஒப்படையின் கடைசிப் பக்கத்துக்கு ஆகும்.